எத்தனை அடி அத்திவாரம் என்று கேட்பதற்கு முன்

இலங்கையின் மலைநாட்டில் பண்டாரவளை, வெலிமடை, ஹட்டன் என்று எங்கே போனாலும், நான் மண் பரிசோதனை செய்கிற பொறியியலாளர் என்று தெரிந்தவுடன் மக்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை அடிக்கு அத்திவாரம் வெட்ட வேண்டும், மிஸ்?" பெரியம்மாவின் மகனும் அண்மையில் தொலைபேசியில் அதையேதான் கேட்டார். வெலிமடை வீதியில் காணி வாங்கியிருக்கிறார். முன்னால் வீதி, பின்னால் செங்குத்தான சரிவு. மண் வெட்டும் பெக்கோ இயந்திரக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரே நாளில் மலையை வெட்டி மட்டப்படுத்தித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். "நாலு அடியிலேயே கல் தட்டுகிறது தங்கச்சி, பிறகென்ன பயம்?" என்றார்.

"காணிக்கு மேலே பெய்கிற மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அண்ணா?" என்று கேட்டேன். அவர் அதைப் பார்த்திருக்கவில்லை. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. தொலைபேசியில் அவருக்கு முழுமையாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். காணி வாங்கிவிட்டு, அல்லது தேயிலைத் தோட்டத்தில் ஏழு பேர்ச் நிலம் கிடைத்து, மழை விடட்டும் என்று காத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

என் துறையின் பெயர் புவித்தொழில்நுட்பப் பொறியியல். குடிசார் பொறியியலின் ஒரு கிளை. வீடு, பாலம், அணைக்கட்டு, சுரங்கம், வீதி எதுவானாலும் அதன் பாரம் கடைசியில் மண்ணிலோ பாறையிலோதான் இறங்குகிறது. அந்த மண் எவ்வளவு தாங்கும், பாரம் ஏறினால் எவ்வளவு அமிழும், வெட்டினால் நிற்குமா, அதனுள் தண்ணீர் எப்படி ஓடும் என்பதைக் கண்டறிந்து சொல்வதே எங்கள் வேலை. கம்பியும் சீமெந்தும் தொழிற்சாலையில் தரம் பார்க்கப்பட்டு வருகின்றன. எந்தக் கம்பி எவ்வளவு இழுவிசை தாங்கும் என்பதைப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடலாம். மண்ணுக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. காணியின் இந்த மூலையில் இருக்கும் மண் அந்த மூலையில் இருக்காது. நேற்று இருந்த பலம் இன்றைய மழைக்குப் பிறகு இருக்காது. இதனால்தான் ஒவ்வோர் இடத்திலும் போய்த் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மலைநாட்டில் தோண்டினால் என்ன கிடைக்கும்? எங்கள் மலைகளின் அடியில் இருப்பவை உருமாறிய பாறைகள். பூமிக்குள் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பவை. சார்னோகைட், குவார்ட்சைட், நைஸ், இடையிடையே பளிங்குக்கல். வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் இவை மேலிருந்து கீழாகச் சிதைந்துகொண்டே வந்திருக்கின்றன. மேலே சிவப்பு மண். அதற்குக் கீழே, பார்வைக்குப் பாறையின் வரிகள் அப்படியே தெரியும், ஆனால் கையில் எடுத்து அழுத்தினால் உதிர்ந்துவிடும் ஒரு படை. அதற்கும் கீழேதான் உண்மையான பாறை. சிதைவு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பாறையின் வெடிப்புகள் வழியே நீர் இறங்கிய இடங்கள் முதலில் மண்ணாகிவிடும். நடுவில் அகப்பட்ட பகுதிகள் பெரிய உருண்டைக் கற்களாக மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். வீடளவு பெரிய கற்கள்கூட உண்டு.

அண்ணாவின் "நாலு அடியில் தட்டிய கல்" இப்படி ஒன்றாக இருக்கலாம். அதன் மேல் ஒரு தூணை நிறுத்திவிட்டு, அடுத்த தூணை மண்ணில் நிறுத்தினால், ஒன்று அசையாமல் இருக்கும், மற்றது அமிழும். வீட்டுச் சுவரில் மூலைவாட்டில் வெடிப்பு விழுவதற்கு இதுவே போதும். நாங்கள் துளையிடும்போது பாறை தட்டியதும் நிறுத்துவதில்லை. பாறைக்குள்ளும் சில மீற்றர் இறங்கி, உருளையாக மாதிரியை வெட்டியெடுத்துப் பார்த்த பின்பே அது தாய்ப்பாறை என்று எழுதுகிறோம்.

இன்னொரு வகை மண் இருக்கிறது. எனக்கு அதைக் கண்டால்தான் அதிகம் கவலை. முன்னொரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து, சரிவின் அடியிலோ இடையிலோ தங்கிவிட்ட மண். கல்லும் மண்ணும் ஒழுங்கில்லாமல் கலந்து, இறுக்கமில்லாமல் கிடக்கும். மலையின் நடுவே எதிர்பாராத ஒரு மட்டம், அதில் பெரிய கற்கள் அங்கங்கே சிதறல், கோடையிலும் வற்றாமல் ஊற்று நீர் வழியும் ஒரு பீலி என்று இருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஆனால் வீடு கட்டுகிறவருக்கு அதைவிட நல்ல காணி வேறு இருக்காது. மட்டமாக இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. அந்தக் காலத்தில் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள், கட்டியவர்களும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பழைய சரிவு மண்ணின் மேல் நிற்கும் லயங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை சரிந்த மண் மறுபடியும் சரிவதற்கு அதிகம் கேட்பதில்லை.

மண்ணை எப்படிப் பரிசோதிக்கிறோம் என்று பலர் கேட்பதுண்டு. சிறிய வீட்டுக்கு ஆள் இறங்கி நின்று பார்க்கக்கூடிய ஒரு குழியே பெரும்பாலும் போதும். குழியின் சுவரைப் பார்த்தால் மண்ணின் படைகள் தெரியும், ஈரம் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பது தெரியும். பெரிய கட்டடத்துக்குத் துளையிட வேண்டும். இயந்திரத்தைச் சரிவில் ஏற்றுவது பெரும் பாடு. பாகம் பாகமாகக் கழற்றி, தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் தோளில் சுமந்துதான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 450 மில்லிமீற்றர் இறங்கும்வரை அடிகளை எண்ணுவோம். முதல் 150 மில்லிமீற்றரை விட்டுவிட்டு, அடுத்த 300 மில்லிமீற்றருக்கு எத்தனை அடி என்பதே கணக்கு. உலகம் முழுவதும் இதே எடை, இதே உயரம். ஆகவே தலவாக்கலையில் எண்ணியதை டோக்கியோவில் இருப்பவரும் புரிந்துகொள்வார். சம்மட்டி நாலைந்து முறை விழுந்ததுமே குழாய் இறங்கிவிட்டால் மண் தளர்வு. ஐம்பது முறை அடித்தும் இறங்க மறுத்தால் மிக இறுக்கம், அல்லது கல்.

எங்கள் இயந்திரத்தை இயக்கும் அண்ணன் அடியின் ஓசையிலேயே மண் மாறியதைக் கண்டுபிடித்துவிடுவார். "மிஸ், படை மாறிவிட்டது" என்று அவர் சொன்ன பிறகுதான் என் குறிப்பேட்டில் எண் ஏறும். குழாயைத் திறந்து மாதிரியை எடுத்து, நுகர்ந்து, விரல்களுக்கிடையே தேய்த்து, ஈரம் காயாமல் உறையிலிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். அங்கே சல்லடையில் சலிப்பார்கள், கையால் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இழையாக உருட்டிப் பார்ப்பார்கள். எந்த ஈரத்தில் அந்த இழை உதிரத் தொடங்குகிறது, எந்த ஈரத்தில் மண் குழம்பாகி ஓடத் தொடங்குகிறது என்ற இரண்டு அளவுகளும் களிமண்ணின் குணத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். இந்த எல்லைகளை முதலில் வகுத்தவர் அட்டர்பெர்க் என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர், 1911 இல்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

பேராதனையில் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன பாடம் ஒரே ஒரு கழித்தல் கணக்கில் அடங்கியது. கார்ல் தெர்சாகி 1883 இல் பிராக் நகரில் பிறந்தவர். இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், கைக்குக் கிடைத்த பொருட்களைக் கொண்டு ஆய்வுக்கருவிகள் செய்து மண்ணைப் பரிசோதித்தார். 1925 இல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலோடுதான் மண் பொறியியல் தனித் துறையாக எழுந்து நின்றது. அவர் கண்ட உண்மை இதுதான். மண்ணுக்குள் ஓர் இடத்தில் இறங்கும் மொத்த அழுத்தத்தை மண்துகள்களும், துகள்களுக்கு இடையே உள்ள நீரும் பகிர்ந்துகொள்கின்றன. மொத்த அழுத்தத்திலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை. மண்ணின் உராய்வுப் பலம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. மழை இறங்கி நீரின் அழுத்தம் கூடும்போது மண்ணின் எடை குறைவதில்லை, சற்றுக் கூடத்தான் செய்கிறது. ஆனால் துகள்களின் பிடி குறைந்துவிடுகிறது. எளிய கணக்கொன்று சொல்கிறேன். ஒட்டும் தன்மையில்லாத மண் உள்ள ஒரு நீண்ட சரிவில், மேற்பரப்புவரை நீர் நிரம்பி சரிவின் போக்கிலேயே ஓடினால், அந்தச் சரிவின் உறுதி காய்ந்திருந்தபோது இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மலை அதே மலை, சாய்வு அதே சாய்வு. மாறியது உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும்.

சரி, மார்ச் மாதத்தில் செங்குத்தாக வெட்டிய மண் ஏன் அவ்வளவு உறுதியாக நிற்கிறது? பெக்கோக்காரர்கள் எப்போதும் எனக்குக் காட்டும் சான்று அதுதான். "பாருங்கள் மிஸ், பன்னிரண்டு அடி வெட்டியிருக்கிறோம், ஒரு கட்டி விழவில்லை." பிட்டுக்குக் குழைத்த மாவைக் கையில் பிடித்துப் பாருங்கள். அளவான ஈரத்தில் பிடித்த பிடி நிற்கும். தண்ணீர் கூடிவிட்டால் பிடிக்க முடியாது. முற்றாக நனையாத மண்ணில், துகள்களுக்கிடையே உள்ள கொஞ்ச ஈரம் அவற்றை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த இழுவை வறண்ட மாதங்களில் மண்ணுக்குக் கிடைக்கும் கடன் பலம். மழை தொடர்ந்து இறங்கி இடைவெளிகள் நிரம்பிவிட்டால் அது முழுவதும் போய்விடும். அதனால் மார்ச்சில் நின்றது என்பதற்காக நவம்பரில் நிற்கும் என்று நான் ஒருபோதும் எழுதிக் கொடுப்பதில்லை.

எங்கள் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். தேயிலை மலையில் குறுக்காக, சற்றே சாய்வு வைத்து வெட்டப்படும் கான்கள், மழைநீரை மண்ணுக்குள் அதிகம் இறங்கவிடாமல் சேர்த்து, பெரிய கானுக்குக் கொண்டுபோய், ஓடையில் விட்டுவிடும். கானின் சாய்வு கூடினால் நீர் வேகமெடுத்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். குறைந்தால் நீர் தேங்கி, கரை உடைந்து, ஒரே இடத்தில் மலைக்குள் இறங்கும். அந்த அளவை அப்பா கண்ணாலேயே பிடிப்பார். பொறியியல் பட்டத்தோடு வந்த பிறகு நான் ஆண்டுக்கணக்காகச் செய்துவரும் வேலையில் பாதி, அப்பா செய்த வேலைதான் என்று பெருமையோடு சொல்வேன். இன்று பல மலைகளில் கான் வெட்ட ஆள் இல்லை. தேயிலை காடாகிக் கிடக்கும் இடங்களில் பழைய கான்கள் மண்மூடி, மானாப்புல் முளைத்து, இருந்த தடமே தெரியவில்லை. கீழே லயம் இருக்கிறது. மேலே கான் அடைந்து கிடக்கிறது. என் தொழிலில் என்னை உண்மையாகவே கோபப்படுத்துவது இந்தக் காட்சிதான், ஏனென்றால் இதைச் சரிசெய்ய இயந்திரமோ ஆய்வுகூடமோ வேண்டாம்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மண்ணைப் பற்றிய அறிவு இல்லாததால் நடந்த மரணங்கள் அல்ல அவை. அறிவு காகிதத்தில் இருந்தது. அந்த மக்கள் போய்க் குடியிருக்க ஒரு துண்டு நல்ல நிலம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கொட்டியபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் நடந்ததை இங்கே விவரிக்க என்னால் இயலவில்லை. வாசிப்பவர்களில் பலர் அதை என்னைவிட அருகிலிருந்து பார்த்தவர்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து எச்சரிக்கை விடுப்பதை வானொலியில் கேட்டிருப்பீர்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினால் வெளியேற வேண்டும். இந்த எண்கள் உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்வெட்டைப் பார்த்து வகுக்கப்பட்டவை அல்ல, பெரும் பரப்புக்கானவை. மேலே புதிதாக நிலம் பிளந்திருந்தால், மரங்களோ மின்கம்பங்களோ சாய்ந்திருந்தால், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினால், தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அல்லது நின்றுபோனால், கதவுகள் காரணமில்லாமல் இறுகினால், எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். சரிவுக்கு நேர் கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

இப்போது அண்ணாவின் காணிக்கு வருவோம். ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ, சரிவில் வீடு கட்ட எல்லோரும் செய்வது ஒன்றுதான். மலையை வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணை முன்னால் தள்ளி நிரப்பி மட்டத்தை அகலமாக்குகிறார்கள். வீட்டின் பின்பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. கொட்டிய மண்ணை மெல்லிய படைகளாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் இறுக்கி அடித்திருந்தால் பரவாயில்லை. பெக்கோ வாளியால் மேலிருந்து தட்டிவிட்டதை இறுக்கியதாகக் கணக்கெடுக்க முடியாது. ஓரிரு மழைக்காலத்தில் முன்பகுதி அமிழும், நடு அறையின் குறுக்கே வெடிப்பு ஓடும். இயன்றவரை வீட்டை வெட்டிய பகுதிக்குள்ளேயே வையுங்கள். அல்லது ஒரே மட்டத்துக்கு அடம்பிடிக்காமல் வீட்டையே இரண்டு படியாகக் கட்டுங்கள். நிறைய வெட்டுவதைவிட அது மலிவாகவும் முடியலாம்.

பின்னால் வெட்டிய மண்ணுக்கு மதில் கட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. எவ்வளவு தடிப்பு என்றுதான் கேட்கிறார்கள். நான் மதிலுக்குப் பின்னால் என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். சாதாரண மண்ணுக்கு, 3 மீற்றர் உயரமான மதிலைப் பின்னாலுள்ள மண் தள்ளும் விசை, ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் ஏறத்தாழ 2.7 தொன். மதிலுக்குப் பின்னால் நீர் நிரம்பிவிட்டால் அதே மதிலைத் தள்ளும் விசை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். நீர் நிரம்புவதைத் தடுக்கத் தேவையானவை மதிலின் பின்புறம் ஒரு சல்லிக்கல் படை, மண் அதற்குள் புகாமல் தடுக்கும் வடிகட்டித் துணி, மதிலில் சாய்வாக வைத்த வடிகுழாய்கள். இவ்வளவுதான். செலவில் இவை மிகச் சிறிய பங்கு. ஆனால் மேசன்மார் முதலில் விட்டுவிடுவது இவற்றைத்தான். வீட்டுக்காரரும் மதிலில் தண்ணீர் வடிவது அழகில்லை என்று குழாய் வாயைப் பூசிவிடச் சொல்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மழை நாளில் அந்தக் குழாய்களில் தண்ணீர் வடிந்தால் உங்கள் மதில் வேலை செய்கிறது என்று பொருள். உயரத்தைப் பற்றியும் ஒன்று. மதிலின் உயரம் இரண்டு மடங்கானால் மண்ணின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஆறடிக்குச் சரியாக நின்ற மதிலின் மாதிரியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு அடி கட்ட முடியாது.

மழைநீரைப் பற்றிப் பேசும்போது கூரையை மறந்துவிடுகிறோம். 550 சதுர அடிக் கூரையில் 150 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 7,600 லீற்றருக்கும் அதிகமான நீர் கூரைப் பீலியில் இறங்குகிறது. அதை வீட்டின் மூலையில் அப்படியே கொட்டவிட்டால் நிரப்பிய மண்ணுக்குள்தான் போகும். குழாய் வைத்து, சீமெந்துக் கான் கட்டி, ஓடைவரை கொண்டுபோய் விட வேண்டும். குளியலறைத் தண்ணீரும் அப்படித்தான். மலசலகூடக் குழியை மண்வெட்டுக்கு மேலே தோண்டி வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன்; ஆண்டு முழுவதும் சரிவுக்குள் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய திட்டங்களில் இதே விதிகள்தான் பெரிய அளவில் வேலை செய்கின்றன. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை ஒட்டிய பதுலுசிறிகமவில் மலை மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஜப்பானியத் தொழில்நுட்ப உதவியோடு அங்கே செய்த முக்கியமான வேலை, மலைக்குள் கிடையாகத் துளையிட்டு உள்ளே தேங்கிய நீரை வடிய விட்டதுதான். வட்டவளையிலும் 1990களின் தொடக்கத்தில் ரயில் பாதையை நகர்த்திய சரிவை நிலத்தடி வடிகால்களால்தான் அடக்கினார்கள். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊர் அது. அங்கே மலையைச் சுவர் கட்டி நிறுத்த நினைப்பதில் பயனில்லை.

ஆனால் தண்ணீரை வெளியேற்றுவது எப்போதும் நல்லதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது, 2014 இன் இறுதியில் தொடங்கி, பாறையின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. தெர்சாகியின் அதே கழித்தல் கணக்குத்தான், மறுபக்கத்திலிருந்து. நீரின் அழுத்தம் குறைந்ததும் அதுவரை நீர் தாங்கிய பங்கும் மண்துகள்கள் மேல் ஏறியது. தளர்ந்த மண் நெருங்கியது, நிலம் அமிழ்ந்தது. பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவ அணையில், சுண்ணாம்புப் பாறையின் வழிகளுக்குள் நீர் புகுந்து 1992 இலேயே வலது கரையில் கசிவு உடைத்துக்கொண்டு வந்தது. இன்றும் முற்றாக அடைபடவில்லை. கசியும் நீரைக் கீழே உள்ள வயல்களுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டு அணை இயங்குகிறது. பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்பதை அறியச் செலவிடும் பணம், எந்தத் திட்டத்திலும் மொத்தச் செலவின் சிறு பகுதிதான். அதைக் குறைத்து மிச்சம் பிடித்தவர்களை நான் பாராட்ட மாட்டேன்.

எங்கள் தோட்டத்து மக்களுக்கு வீடு கட்டக் கொடுக்கப்படும் நிலத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. லயத்திலிருந்து வெளியே வந்து சொந்த முற்றத்தில் நிற்பது மூன்று நான்கு தலைமுறைகளின் கனவு. ஆனால் நான் பரிசோதிக்கப் போன பல இடங்களில், நன்றாகத் தேயிலை நிற்கும் மலை தோட்டத்துக்கென்று ஒதுக்கப்பட்டு, கல்லும் புல்லும் மண்டிய சரிவே வீட்டுக்கென்று காட்டப்பட்டது. "இந்த இடம் சரிவராது" என்று நான் எழுதினால் அந்தக் குடும்பங்கள் இன்னும் பல ஆண்டுகள் லயத்திலேயே இருக்க வேண்டி வரலாம். "சரி" என்று எழுதினால் அவர்கள் உயிரை நான் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன். ஒரு முறை ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள், எப்படியாவது நல்லபடியாக எழுதிவிடு" என்றார். நான் எழுதவில்லை. அவருக்கு வேறு நிலம் தர வேண்டிய கடமை அந்த அறிக்கையை வாங்கியவர்களுக்கு இருக்கிறது. அதை அந்த அறிக்கையிலேயே எழுதினேன். நல்ல நிலம் கேட்பது சலுகை கேட்பதல்ல.

வீடு கட்டப் போகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை தேவை. 2011 இலிருந்து இருக்கும் நடைமுறை. உங்கள் பிரதேச சபையில் கேளுங்கள். காணியின் நில அளவைப் படத்தையும் வீட்டின் வரைபடத்தையும் கையில் கொண்டுபோங்கள். அறிக்கை வருவதற்கு முன் பெக்கோவைக் காணிக்குள் விடாதீர்கள். வெட்டிய பிறகு வரும் அறிக்கை, வெட்டாமல் இருந்திருந்தால் எது சாத்தியம் என்பதைச் சொல்ல முடியாது. அறிக்கை கைக்கு வந்ததும், அதில் உள்ள நிபந்தனைகளை மேசனுக்கு வாசித்துக் காட்டுங்கள். வெட்டின் உயரம் எவ்வளவு, மதிலிலிருந்து வீடு எத்தனை தூரம், கான் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பல, அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வேறு விதமாகக் கட்டப்பட்டவை.

அண்ணா பெக்கோக்காரரிடம் பொறுக்கச் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை நான் போகிறேன். காணியின் மூன்று இடங்களில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று அந்தக் கல்லை ஒட்டி, அதன் அடிவரை. மேலே உள்ள மலையில் பழைய கான் எங்கே அடைந்திருக்கிறது என்று பார்க்க அப்பாவும் என்னோடு வருகிறார்.